பேக்கரிப் பக்கம் போகாத குடும்பம்

போன ஞாயிற்றுக்கிழமை அன்னூர் மண்டபம் ஒன்றில் என் மானம் போனது.

அதற்கென்ன, அது அடிக்கடி போய்விட்டு வருவதுதானே என்று கேட்பீர்கள். கேளுங்கள். வாரா வாரம் என்னைப் படிக்கிற பாவத்துக்கு உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இந்தத் தடவை அனுப்பி வைத்தது என் மகள். வயது ஐந்து. யு.கே.ஜி.

முதலில் இருந்து சொல்கிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை. ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அது என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மனைவி சுகந்தி பி.காம். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, சின்னக் குழந்தைகளுக்கு ஸ்டைலாக உடுப்பு தைத்துக் கொடுக்கிறாள். இப்படி ஒரு பெண் இப்படி ஒருத்தனை எப்படிக் கட்டிக்கொண்டாள்? ஜாதகம் பொருந்தியது. மார்க் ஷீட்டை யாரும் பொருத்திப் பார்க்கவில்லை.

மகளுக்குப் பெயர் தன்ஷிகா. நியூமராலஜி பார்த்து வைத்தது. பட்டறையில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. அதனால் எல்லோருக்கும் அவள் கண்ணு.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் கண்ணுவுக்குப் பல்வலி. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கடைவாயில் இரண்டு சொத்தை என்றார்.

"சாயங்காலம் ஸ்நாக்ஸ் என்ன குடுக்கறீங்க?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணுவைப் பார்த்தேன். கண்ணு டார்ச்சைப் பார்த்தாள்.

விஷயம் என்னவென்றால், பள்ளிக்கூடம் விட்டு அவளைக் கூட்டிவரும் வேலை என்னுடையது. கோயம்புத்தூரில் பேக்கரி இல்லாத முக்கு ஒன்று காட்டுங்கள், அந்த வழியாகவே வந்திருப்பேன். காட்ட முடியுமா? முடியாது. எனக்கு ஒரு டீயும் தேங்காய் பன்னும். அவளுக்கு ஒரு பப்ஸ், கிரீம் பன், அப்புறம் வழிக்கு ஒரு மிட்டாய்... தினமும்.

அன்று மாலையே சட்டம் போட்டாயிற்று. நாற்பத்தெட்டு நாளைக்குப் பேக்கரி கிடையாது. கண்ணுவுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே.

"எனக்கு என்னத்துக்கு? என் பல்லு நல்லாத்தான இருக்குது?" என்றேன்.

"புள்ளைய மட்டும் வேண்டாம்னு சொல்லிப்போட்டு நாம தின்னா, அது எப்புடீங் நாயம்?" என்றாள் சுகந்தி.

நியாயம்தான். அதுவும் சொல்வது யார்? பப்ஸ் என்றால் உயிரை விடுகிறவள். கட்டின புதிதில் கோபித்துக்கொண்டால் நான் மல்லிகைப்பூவெல்லாம் வாங்கிப் போனதில்லை. இரண்டு பப்ஸ். ஒன்று முடிவதற்குள் கோபம் முடிந்திருக்கும். அவளே வாயைக் கட்டுகிறேன் என்கிறாள். நானும் கட்டினேன்.

சுகந்தி போனில் ஒரு மேடத்தின் வீடியோக்களைப் பார்ப்பாள். பிள்ளையை ஆரோக்கியமாக வளர்ப்பது எப்படி, ஸ்டைலாக வளர்ப்பது எப்படி, நல்ல மனசோடு வளர்ப்பது எப்படி. மூன்றையும் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார் அந்த மேடம். எங்களுக்கு ஒரு சுண்டலைத் தின்ன வைக்கவே அரை மணி நேரம் ஆனது.

ஆனாலும் பாருங்கள், நடந்தது. ஒரு வாரம் அழுகை. அடுத்த வாரம் முனகல். மூன்றாவது வாரம் கண்ணுவே கொய்யாக்காய் கேட்டாள். நான் மட்டும்தான் பேக்கரியைத் தாண்டும்போது வண்டியை முறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன்.

நாற்பதாவது நாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

சுகந்தியின் அண்ணன் மகளுக்கு அன்னூரில் காது குத்து. அத்தைக்காரி முன்கூட்டியே போகாவிட்டால் ஆகுமா? சுகந்தி சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டாள். நானும் கண்ணுவும் மறுநாள் காலை ஸ்கூட்டரில் போக வேண்டும்.

போகிறபோது கட்டிலில் ஒரு கண்காட்சியே வைத்துவிட்டுப் போயிருந்தாள். நடுவில் சந்தன நிற ஃபிராக், இரண்டு வாரம் உட்கார்ந்து தைத்தது. கழுத்தைச் சுற்றிக் கிளிப்பச்சை நூலில் கொடி. பக்கத்தில் ஹேர்பேண்ட், சாக்ஸ், ஷூ. ஃபிராக்கில் ஒரு பாக்கெட் வேறு. அது கண்ணுவின் ஆர்டர். "பசங்க டிரஸ்ல எல்லாம் பாக்கெட் இருக்குது. எனக்கு மட்டும் ஏன் வெக்க மாட்டீங்கறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். பி.காம். படித்தவளுக்கே பதில் தெரியவில்லை. தைத்துவிட்டாள்.

எது மேலே, எது கீழே என்று போட்டோவும் எடுத்து அனுப்பியிருந்தாள். பட்டறைக்கு வரும் டிராயிங் மாதிரி. டிராயிங் பார்த்து வேலை செய்ய எனக்குத் தெரியும், மாட்டிவிட்டேன். சடைதான் சிக்கல். டிராயிங்கில் ரெட்டைச் சடை ஒரே மட்டத்தில் இருந்தது. நான் போட்டதில் ஒரு சடை கணபதியைப் பார்த்தது, இன்னொன்று அன்னூரைப் பார்த்தது. அவிழ்த்து, பின்னி, அவிழ்த்து, பின்னி... மணி எட்டாகிவிட்டது. ஃப்ரிட்ஜில் ராகி தோசை மாவு இருந்ததே ஞாபகம் இல்லை.

வழியில் கோவில்பாளையம் வந்ததும் முன்னால் நின்றுகொண்டிருந்தவள் சொன்னாள்: "அப்பா, பசிக்குதுப்பா."

ரோட்டுக்கு இந்தப் பக்கம் இட்லிக் கடை. அந்தப் பக்கம் பேக்கரி. பசி அவளுக்கு. சபலம் எனக்கு. வண்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?

ஆமாம். அப்படியே எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு பப்ஸ் சூடாக வந்தது. கண்ணு கையில் வாங்கிக்கொண்டு கடிக்காமல் நின்றாள்.

"அப்பா, இதத் திங்கப்படாதில்ல?"

"இன்னிக்கு ஒரு நா லீவு கண்ணு."

"அம்மாளுக்கும் லீவா?"

"அம்மாளுக்கு... இல்ல."

"ஏன்?"

"அதெல்லாம் அப்புடித்தான். இங்க பாரு. அம்மா கேட்டா இட்லி தின்னோம்னு சொல்லோணும். பப்ஸ் தின்னத யாருகிட்டயும் சொல்லப்படாது. செரியா?"

"செரி. சொல்ல மாட்டேன்" என்றாள். கையில் அடித்துச் சத்தியமும் செய்தாள். எனக்கு நிம்மதி. கடித்தேன். மடிப்பு மடிப்பாக உதிர்ந்தது. உள்ளே வெங்காயம், மசாலா... நாற்பது நாள்! கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். அதுதான் நான் செய்த தப்பு. கண்ணைத் திறந்து வைத்திருந்தால், பக்கத்தில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்கும்.

தின்று முடித்து, அவள் வாயைக் கழுவி, உடுப்பில் ஒட்டியிருந்த துகளைத் தட்டிவிட்டு, ஒரு தடயம் இல்லாமல் கிளம்பினோம். லேத்தில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன் நான். என்னிடமா?

மண்டபத்தில் இறங்கியதும் கண்ணு ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்தாள். மிடுக்கான நடை. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு வயதான அம்மா, "அட, கைய வெச்சுட்டு வர்ற ஸ்டைலப் பாருங்!" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சடையைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

உள்ளே சுகந்தியும் அவள் நங்கையாவும் நின்றிருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். இந்த நங்கையா ரொம்ப மரியாதையாகப் பேசுவார். பேசி முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் எங்கே குத்தினார் என்று தெரியும். கையில் ஜாங்கிரித் தட்டு.

"ஏனுங் அம்மணி, ஒரு ஜாங்கிரி தின்னா உங்க புள்ளைக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போகுமாக்கும்? பாவமுங், இப்புடிப் பட்டினி போடறீங்களே" என்றார் சுகந்தியிடம்.

"பட்டினியெல்லாம் இல்லீங் நங்கையா. நாப்பது நாளா எங்கூட்டுல ஒருத்தரும் பேக்கரிப் பக்கங்கூட எட்டிப் பாக்கறதில்லீங். அவருங்கூட."

அவருங்கூட என்று சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெருமைச் சிரிப்பு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என்னை வைத்து அவள் பெருமைப்பட்டது அது இரண்டாவது தடவை. முதல் தடவை எது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நங்கையா விடுவாரா? குனிந்து, "இங்க வா சாமி. நீ சொல்லு. காலைல என்ன தின்ன?" என்றார்.

கண்ணு என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

இட்லி. மூன்றெழுத்து. சொல்லிவிட்டால் நான் தப்பித்தேன். சொல்லிரு கண்ணு, சொல்லிரு என்று என் கேடுகெட்ட மனசு கத்தியது. அவளோ வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். உதடு பிதுங்குகிறது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். அம்மாவிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. பல்லைப் பிடுங்கினால்கூட இப்படி முழித்திருக்க மாட்டாள். இதில் பிள்ளையைக் கொண்டு வந்து நிறுத்தியது யார்? நான். ஒரு பப்ஸுக்காக.

சரி, நாமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் கையைப் பாக்கெட்டில் இருந்து வெளியே எடுத்தாள்.

"இந்தாங்கம்மா. உங்களுக்கு."

பாதி பப்ஸ். கையால் பொத்திப் பொத்திக் கொண்டு வந்ததில் தட்டையாகிவிட்டது. ஓரத்தில் வெங்காயம் தொங்கியது. சந்தன ஃபிராக்கில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

அந்த நேரம் பார்த்துத்தான் நாதஸ்வரக்காரரும் வாசிப்பை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டுமா?

"அம்மாளுக்கு லீவு இல்லைன்னு அப்பா சொன்னாங்க. அதான் பாதி வெச்சேன்" என்றாள் கண்ணு.

நங்கையா தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "அட! நல்லா வளத்தி வெச்சிருக்கீங் அம்மணி!"

"நான்தானுங் வாங்கிக் குடுத்தேன்" என்றேன். "இட்லின்னு சொல்லச் சொன்னதும் நான்தானுங். புள்ள மேல ஒண்ணுமில்ல."

சுகந்தி என்னைப் பார்க்கவே இல்லை. பட்டுச்சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கறையைப் பார்த்தாள். கண்ணுவின் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் பிசுபிசுத்த அந்தச் சின்னக் கையைப் பிடித்து, பப்ஸை வாங்கி, மொத்தமாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்குது சாமி. ரொம்ப நல்லாருக்குது."

எழுந்து உதட்டைத் துடைத்துக்கொண்டு நங்கையாவிடம் சொன்னாள்: "ஆமாங் நங்கையா. நல்லாத்தான் வளத்தி வெச்சிருக்கேன்."

வெச்சிருக்கேன் என்றாள். வெச்சிருக்கோம் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில்தான் எனக்கு நேரம் ஒதுக்கினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பப்ஸ் போனாப் போகுதுங். ஒரு நா தின்னா ஒண்ணும் ஆயிறாது. பல்லுல சொத்தைன்னா டாக்டர்கிட்டக் காட்டலாம். புள்ளைக்கு ஒளிச்சுப் பேசக் கத்துக் குடுத்தீங்களே, அத யாருகிட்டங் கொண்டுபோய்க் காட்டறது?"



கண்ணுவைத் தேடிப் போனேன். மண்டபத்து மூலையில் பலூனோடு இருந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "அப்பா உன்னைய அப்புடிச் சொல்லச் சொன்னது தப்பு கண்ணு. இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவளுக்கு வேறு கவலை. "அப்பா, நான் சத்தியத்த மீறல. நான் சொல்லவே இல்ல. குடுத்தேன்" என்றாள்.

எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் ஜெயித்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு. கண்ணுவுக்கும் அம்மாவுக்கும் மீதி எட்டு நாள் போதும். எனக்கு மட்டும் ஒன்றில் இருந்து மறுபடி எண்ண வேண்டும். அதன் பிறகு மாதம் ஒரு நாள், மூன்று பேரும் ஒன்றாகப் போய், ஒளிக்காமல் மறைக்காமல் ஆளுக்கு ஒன்று. வந்து பல் தேய்க்க வேண்டும். அப்பீல் கிடையாது.

கறை? நான்கு சோப்புப் போட்டும் போகவில்லை. சுகந்தி அதன் மேலேயே நூலால் ஒரு சூரியகாந்தியைப் போட்டுவிட்டாள். முன்னைவிட ஜோராக இருந்தது. போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்த அரை மணியில் நங்கையாவிடம் இருந்து போன். "ஏனுங் அம்மணி, இதே மாதிரி நம்ம பாப்பாவுக்கும் ஒண்ணு தெச்சுக் குடுங்களேன். பூவு அதே எடத்துல வரோணும்."

சிரித்துக்கொண்டேதான் இருக்கிறோம், போன திங்கட்கிழமையில் இருந்து.

ஆரோக்கியத்துக்கு டாக்டரம்மா இருக்கிறார். ஸ்டைலுக்கு அவள் அம்மா இருக்கிறாள். இந்த நல்ல மனசு மட்டும் கண்ணுவுக்கு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் மெதுவாகத் தலையைச் சொறிந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

ஏனென்றால் அன்றைக்குக் கோவில்பாளையத்தில், என் கையில் இருந்ததை நான் முழுசாகத் தின்றுவிட்டேன்.