சித்தி வீட்டுக் கோவைக்கொடி

ஆமத்தூர்ப் பக்கத்தில் கோவைக்கொடியை வேலை மெனக்கெட்டு நட்டு வளர்த்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அங்கே அது கேட்பாரற்ற கொடி. வேலிக்கருவையைக் கண்ட இடமெல்லாம் ஏறிக் கிடக்கும். ஆடு கடிக்கும், கிளி கொத்தும், தேவைப்பட்டவர்கள் நாலு காயைப் பறித்துக் குழம்பில் போடுவார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு அப்போது வளர்க்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். அங்கே ஒற்றை அறை, இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட். அதனால் என்னை ஆமத்தூரில் சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள். சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. “அவளுக்கும் ஒரு துணை, உனக்கும் ஒரு துணை” என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறினாள்.

துணை எங்கே இருந்தது என்றுதான் தெரியவில்லை. சித்தி விடிந்ததும் கம்பெனி வேனில் தாயில்பட்டிக்குப் பட்டாசு வேலைக்குப் போனால், பொழுது சாயத்தான் காதோரத்தில் வெள்ளிப் பொடி மினுங்க வந்து இறங்குவாள். சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். சீசன் நேரத்தில் அவர் எப்போது வருவார், எப்போது போவார் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பூட்டும் சாவியும் நானும்தான். முதலில் கொஞ்ச நாள் அழுதேன். யாருமே பார்க்காத அழுகை சீக்கிரம் சலித்துப்போகும்.

அப்படி ஒரு சாயங்காலம் கண்மாய்க் கரையில் கிடந்த ஒரு கோவைத் தண்டை ஒடித்து வந்து, கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றினேன். கண்மாய் வறண்டு கிடந்த சமயம். அந்தக் கொடியில் பூவும் இல்லை, காயும் இல்லை. சித்தி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏ புள்ள, காய்ச்சுக் கெடக்குற கொடியாப் பாத்துல்ல வெட்டியாரணும். சரி, ஊனுனது ஊனிட்ட. பொழைக்குதான்னு பாப்போம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் செல்போனில் அம்மா பேசினாள். எப்போது வந்து கூட்டிப்போவாய் என்று கேட்டேன். அவள் பேச்சை மாற்றி, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டாள். கோவைக்கொடி வைத்திருக்கிறேன் என்றேன். “அப்படியா? அது காய்க்கிறதுக்குள்ள அம்மா வந்துருவேன்” என்றாள். பேச்சுக்குச் சொன்னதுதான். நான் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

கொடி பிழைத்தது. குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும் என்பதால் அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர், சித்தி கைகால் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதன் காலடிக்கே போயிற்று. இலையில் செடிப்பேன் பிடித்தபோது சித்தி அடுப்புச் சாம்பலைத் தூவினாள். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைக்கும் என்று காட்டிக்கொடுத்ததும் அவள்தான். சித்தப்பா உடைந்த சரக்குப் பெட்டிச் சட்டங்களையும் பார்சல் கட்டுகிற சணலையும் கொண்டு வந்து ஒரு லீவு நாள் முழுக்க உட்கார்ந்து பந்தல் போட்டார். முடிச்சுப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். நல்ல மனுஷன். அதிர்ந்து பேசமாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் தன் தட்டில் கை வைப்பார். இதையெல்லாம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு நாள் சித்தி வேலைக்கு லீவு போட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. போன தடவையே சொன்னேன்ல? அவரைக் கூட்டிட்டு வாங்க” என்றார். சித்தி தலையை ஆட்டினாள். வெளியே வந்து எனக்குப் பொரித்த பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ்ஸில் வரும்போது, “வீட்டுல கேட்டா உனக்குப் பல்லு வலின்னு போனோம்னு சொல்லு, என்ன?” என்றாள்.

சொன்னேன். இரண்டு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்து, கேட்காதவர்களிடமும் சொன்னேன். காப்பாற்றச் சொன்ன ரகசியத்தை அவ்வளவு நன்றாகக் காப்பாற்றினேன்.

மழைக்காலம் வந்ததும் கொடி வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பந்தல் முழுக்கப் பூ. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் போய் ஒவ்வொரு பூவாகப் பார்ப்பேன். பூக்கும், வாடும், உதிரும். காய் மட்டும் இல்லை. அம்மாவும் வரவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, “ஒண்ணே ஒண்ணு காய்ச்சாப் போதும்” என்று கொடியிடம் கெஞ்சியிருக்கிறேன். அந்த வீட்டில் நான் நீளமாகப் பேசியது அதோடுதான்.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்தபோது அத்தை வந்தார். அத்தை என்றால் சித்தப்பாவின் அக்கா. அவர் வந்தால் சித்தி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். அத்தை கொல்லைக்குப் போய்ப் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

“இம்புட்டுப் படர்ந்து என்னத்துக்கு? ஒரு பிஞ்சு இல்ல. மலட்டுக் கொடி.”

சொன்னது கொடியை. ஆனால் பார்த்தது அடுப்படிப் பக்கம். சித்தி உள்ளேயிருந்து, “மதினி, காப்பி குடிக்கீகளா?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் அத்தை அடிக்கடி வந்தார். சித்தப்பாவுக்கு வேறொரு பெண் பார்த்திருக்கிறார் என்று எனக்கும் விளங்கியது. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்ணாம். “இவளை யாரு போகச் சொன்னா, இவளும் ஒரு மூலையில இருந்துட்டுப் போறா” என்றார் அத்தை. சித்தப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பந்தல் முடிச்சுகளைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார். நான் என்னவோ உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இரண்டு சித்தி என்றால் ஒருத்தியாவது பகலில் வீட்டில் இருப்பாள் இல்லையா?

ஆனால் பெண் வீட்டார் வருவதற்கு நாள் குறித்தபோது அத்தை இன்னொன்றும் சொன்னார். “காய்க்காத கொடி வீட்டுக்கு ஆகாது. வர்றவ கால எடுத்து வைக்கிறதுக்குள்ள அதை வெட்டித் தூர எறிங்க.” நான் சித்தியிடம் ஓடினேன். சித்தி என் தலையில் கை வைத்தாள். அவளும் போக்கிடம் இல்லாமல்தான் நின்றாள் என்பது எனக்கு எங்கே தெரியும்?

பெண் வீட்டார் வருகிற அன்று எங்கள் வகுப்பில் கரும்பலகைக்குக் கரி பூசுகிற நாள். பிள்ளைகள் கோவை இலையும் அடுப்புக்கரியும் கொண்டுபோய் அரைத்துப் பலகையில் தேய்ப்போம். கொடியை வெட்டிவிடுவார்களே என்று, பை நிறைய இலை பறித்துக்கொண்டு போயிருந்தேன். பூவும் சேர்ந்து வந்திருந்தது. அழுதுகொண்டே இலையை அரைத்தேன். டீச்சர் என்னவென்று கேட்டார். காய்க்காததால் வெட்டப் போகிறார்கள் என்றேன்.

டீச்சர் என் பூவை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைச் சத்துணவுக் கூடத்து வேலிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த கோவையில் ஒரு பூவைக் காட்டினார். அந்தப் பூவுக்கு அடியில் நகத்தளவு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. என் பூவுக்கு அடியில் வெறும் காம்பு. “இது பெண் கொடி, உன்னோடது ஆண் கொடி. அதுல பூ மட்டும்தான் வரும். அது மேல ஒரு குத்தமும் இல்ல” என்றவர், வேலியிலிருந்து ஒரு தண்டை வெட்டி என் கையில் கொடுத்தார். “இதைப் பக்கத்துலயே ஊனி வையி.”

சாயங்காலம் நான் ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, எதிரே அத்தை, ஓரத்தில் சித்தப்பா. உள்ளே சித்தி அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் நேரே அத்தை முன்னால் போய் நின்றேன்.

“அத்தை, வெட்டாதீக. கொடி மேல குத்தம் இல்ல. அது ஆம்பளக் கொடி. அதான் காய்க்கல. டீச்சர் சொன்னாக.”

சித்தப்பா தரையைப் பார்த்தார். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“ஏன் தம்பி, நீங்க ஆஸ்பத்திரில பாத்தீகளா?”

“சின்னப்புள்ள என்னத்தையோ உளறுது” என்றார் அத்தை.

“நான் தம்பியைத்தான் கேட்டேன்.”

சித்தப்பா எழுந்தார். வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு, “ஊருக்குப் போயி சொல்லியனுப்புறோம்” என்றார். அவர்கள் தெருவில் இறங்க, அத்தை பின்னாலேயே பேசிக்கொண்டு ஓடினார். அதே நேரம் கொல்லையில் அரிவாள் வெட்டு விழுகிற சத்தம் கேட்டது.

சித்தி டீத் தட்டோடு வாசலுக்கு வந்தாள். நாற்காலிகள் காலியாக இருந்தன.

“சித்தி, சித்தப்பா வெட்டுறாரு. போய்ச் சொல்லு சித்தி” என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் போகவில்லை. தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு இன்னொன்றில் உட்கார்ந்தாள். ஆட்கள் வந்துபோகிற அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டிய பந்தலை அவரே சாய்க்கிறார், இவள் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான் என்பது இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லையே என்று அவள் சேலையை விட்டுவிட்டு நகர்ந்து நின்றேன்.

அந்தப் பெண் பேச்சு அத்தோடு நின்றது. வெட்டிய இடத்தில் கோவை மறுபடி துளிர்த்தது, அதன் கிழங்கு லேசில் சாகாது. பக்கத்திலேயே ஊன்றிய பெண் கொடியும் பிழைத்தது. அது காய்ப்பதற்கு முன்னால் அம்மா வந்து என்னைக் கூட்டிப்போய்விட்டாள். சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று தெரியாது. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் மலடு என்ற சொல்லை அத்தை அந்த வாசலில் மறுபடி சொல்லவில்லை. எத்தனை வருஷம் சித்தி அந்த டாக்டரம்மா சொன்னதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, அடுப்படிக்குள் நின்று காப்பி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு அவள் ஒரு டம்ளரை எடுத்து என் கையில் வைத்தாள். “குடி. ஆறிரும்” என்றாள். இன்னொன்றை அவள் எடுத்துக்கொண்டாள். கொல்லையில் அரிவாள் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, அவசரமில்லாமல் ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். விருந்தாளிகளுக்குப் போட்ட டீ, சீனி தூக்கலாக இருந்தது. வந்தவர்கள் குடிக்காமல் போய்விட்டார்கள், கீழே கொட்ட மனமில்லாமல் எனக்குக் கொடுக்கிறாள் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.