பேனாவில் மை இருந்தது

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கணக்கில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, தாகேதாப் பேட்டையிலிருந்து ஒரு ராத்திரி தங்க வந்திருந்த அத்தை, மாமா, நான். ஆறு பேர். பூனையைச் சேர்க்கவில்லை. இதே வரிசையில்தான் வார்டு ஆபீசிலும் சொன்னேன். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிறவள் நான். ஆனால் இந்த வரிசையில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

எங்கள் வீடு பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில், ரயில் போனால் அலமாரித் தட்டு கிணுகிணுக்கிற தூரத்தில் இருந்தது. அப்பாவுக்கு ரயில்வேயில் பெட்டிகளுக்கு எண்ணெய் போடும் வேலை. அக்கா சட்டைக் கம்பெனிக்குப் போவாள். அம்மா காலையில் சந்தையில் தோசை போடுவாள். அந்த வருடம் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தி, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வீடு எங்கேயும் போகாது, இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் கூடப் படித்த பிள்ளைகள் பச்சை லுங்கிச் சீருடை கட்டிப் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

அந்தச் சாத்திய வீட்டுக்குள்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. ஊருக்குள் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவர். கையில் வரும் காகிதத்தையெல்லாம் படித்துவிட்டுத்தான் பிரதி எடுப்பார். படிக்காமல் எடுத்தது ஒன்றே ஒன்று. யாரோ அவசரமாகக் கேட்டார்கள் என்று இருநூறு பிரதி போட்டுக் கொடுத்தார்; அது அரசாங்கத்தைத் திட்டும் நோட்டீஸ். இரண்டு நாளில் போலீஸ்காரர்கள் கடை முதலாளியைக் கூட்டிப்போனார்கள். மாமா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: மாமா வந்திருப்பதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

மாமாவின் பையில் இரண்டு சட்டையும் ஒரு ஜெராக்ஸ் கட்டும் இருந்தன. கட்டு முழுக்க ராஸ்வெல் கதை. அமெரிக்காவில் ஒரு பொட்டல் காட்டில், எப்போதோ, வானத்திலிருந்து என்னவோ விழுந்தது. ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் பளபளத்த தகட்டைத் துண்டுதுண்டாகப் பொறுக்கினார். பறக்கும் தட்டைப் பிடித்துவிட்டோம் என்று பட்டாளத்துக்காரர்களே முதலில் அறிவித்தார்கள். மறுநாள், அது வெறும் வானிலை பலூன் என்றார்கள். ஆட்டுக்காரரைக் கூட்டிப்போய்ச் சில நாள் வைத்திருந்தார்களாம். திரும்பி வந்தவர் வேறு மாதிரி சொன்னாராம்.

கதை இந்த இடத்துக்கு வந்ததும் மாமாவின் குரல் கரகரக்கும். "அந்த ஆளு மட்டும் மொதல்ல சொன்னதையே சொல்லியிருந்தா, இன்னைக்கு உலகத்துக்கே உண்மை தெரிஞ்சிருக்கும். சாட்சின்னா பார்த்ததைப் பார்த்தபடி சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வெளங்குதா சாட்சியம்மா?"

சாட்சியம்மா என்பது நான்தான். பள்ளிக்கூடம் நின்றபிறகு எனக்கு ஒரு பதவி கிடைத்தது அதுவே முதல் தடவை. தலையை ஆட்டினேன். எனக்கு இருந்த கவலை, அந்த ஆடுகள் தகட்டைத் தின்று வயிறு உப்பியிருக்குமோ என்பது. மாமாவிடம் கேட்டேன். "அதப் பத்தி ஒருத்தனும் எழுதல, பாரு" என்று வருத்தப்பட்டார்.

விழுந்த தகட்டைக் கசக்கினால் தானாகவே விரிந்துகொள்ளுமாம். வீட்டில் பளபளப்பாக இருந்ததையெல்லாம் கசக்கிப் பார்த்தோம். சிகரெட் தாள் விரியவில்லை. மாத்திரை அட்டையும் அப்படித்தான். ஒருநாள் வறுவல் பாக்கெட்டின் உள்பக்கம் மெதுவாக, முனகிக்கொண்டே பாதி விரிந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார். அன்று சாயந்திரம் அப்பா அதை வாங்கிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கு, மாப்ளே."

"அவங்களும் இப்படித்தான் சொன்னாங்க அத்தான். பலூனுன்னு."

"பலூனுன்னா பலூனாத்தான் இருக்கும். பட்டாளத்துக்காரன் ஒரு பலூனுக்காகவா பொய் சொல்லுவான்?"

"பந்தயம் வச்சுக்குவோமா? பலூன் கதை நெசமுன்னா நான் ஐயாயிரம் தர்றேன். பொய்யின்னா நீங்க தரணும்."

"வேலையில்லாதவன் பந்தயத்தைப் பாரு!" என்று அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "சாட்சி யாருடா?"

இருவரும் என்னைக் காட்டினார்கள். என் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

அத்தை வந்தது அதற்கு அடுத்த வாரம். பல் பிடுங்கிக்கொள்ள வந்தாள், கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு. எங்கள் ஊரில் வீட்டுக் கார்டில் பேர் இல்லாத ஆள் ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீசில் போய்ப் பதிய வேண்டும். வழக்கமாக அப்பா போவார். அன்று அவர் வேலையிலிருந்து வரவில்லை, அம்மா மாவில் கை வைத்திருந்தாள்.

"அத்தை பேரை மட்டும் பதிஞ்சுட்டு வா. வேற ஒண்ணும் பேசாத" என்று வீட்டுக் கார்டைக் கொடுத்து அனுப்பினாள்.

ஆபீசில் ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார். அவரை ஊலே என்று கூப்பிடுவோம். பர்மாக்காரப் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. அவர் என்னைத் தமீ, மகளே, என்பார். புளி மிட்டாய் ஒன்றைத் தந்துவிட்டுத்தான் நோட்டைத் திறந்தார். அத்தை பேரை எழுதினார். பிறகு, எல்லாரிடமும் கேட்கிற மாதிரி பர்மீயத்தில் கேட்டார்: "இன்னைக்கு ராத்திரி வீட்ல மொத்தம் யார் யாரு, தமீ?"

வேற ஒண்ணும் பேசாத என்றது அம்மா. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்றது மாமா. அம்மா சொன்னதுதான் சரியென்று தெரிந்தே இருந்தது. ஆனாலும் அந்த ஆட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார். உலகத்துக்கே உண்மை தெரியாமல் போனது அவரால்தான். நான் அவரைப் போல ஆகமாட்டேன்.

"அப்பா, அம்மா, அக்கா, அத்தை, மாமா, நான்."

ஐந்தாவது சொல்லில் பேனா நின்றது. ஊலே வீட்டுக் கார்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பேனாவை உதறினார்.

"மை தீந்து போச்சு தமீ. நீ வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட சொல்லு: ஊலே பேனாவுல மை இல்ல, ஆறு மணிக்குப் புதுப் பேனாவோட அவரே வீட்டுக்கு வந்து ஆளை எண்ணி எழுதிக்குவாரு. கூட இன்னொருத்தரும் வருவாரு. ஓடு."

வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்து நின்ற பெண்ணின் பேரை அதே பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பா அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். செம்பை அப்படியே தரையில் வைத்தார். அம்மா மாவுக் கையோடு வந்து, "என்னடி சொன்ன அங்க?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் மாமாவின் சட்டைகளைப் பையில் திணித்தாள். அத்தை கட்டு போட்ட வாயோடு அழுதாள். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் மாத்திச் சொல்லல மாமா" என்றேன்.

மாமா அப்பாவின் ரயில்வே சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்து என் தலையில் கை வைத்தார். "நல்ல சாட்சி" என்றார்.

"பந்தயம்?" என்றார் அப்பா.

"வந்து வாங்கிக்கிறேன் அத்தான்."

சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு, ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி தண்டவாளம் பக்கம் நடந்துபோனார். தூக்கில் ஒன்றுமில்லை.

ஆறு மணிக்கு ஊலே வந்தார். கூட வந்தவர் சிரிக்காத ஆள். எங்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஐந்து. அந்த ஆள் என்னைப் பார்த்து, "அவ்வளவுதானா? வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார். ஊலே தன் புதுப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

அன்று நோட்டில் எழுதினேன்: ஊலே சொன்னது பொய். பேனாவில் மை இருந்தது. அதற்கு மேல் நான் சொன்னதை எழுதக் கை வரவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் மறுபடி நானும் பூனையும். மாமா எங்கே என்று கேட்டால் அம்மா தெற்கே மோல்மேன் என்றாள், அக்கா மலேசியா என்றாள், அப்பா தெரியாது என்றார். மூன்றையும் எழுதி வைத்தேன். ஆட்டுக்காரரைப் பற்றி மட்டும் அதற்குப்பிறகு கோபமாக நினைக்க முடியவில்லை. அவருக்கும் வீட்டில் யாராவது இருந்திருப்பார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஊலேவிடம் நான் நன்றி சொன்னதில்லை. வழியில் பார்த்தால் பொய்க்காரர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் பாவம், அப்போதும் மிட்டாய்க்குப் பையைத் தடவுவார். அவர் அன்று எதைப் பணயம் வைத்தார் என்று எனக்கு விளங்கியபோது அந்த மேஜையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் கைப்பேசியில் ராஸ்வெல்லைத் தேடினேன். விழுந்தது பலூன்தானாம். ஆனால் வானிலை பலூன் இல்லையாம். வேறு நாட்டு அணுகுண்டுச் சோதனைச் சத்தத்தை ரகசியமாகக் கேட்க விட்ட பலூனாம். அந்த அரசாங்கமே பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு இப்போது காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டி, பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டேன்.

"பலூனு என்னவோ பலூனுதான். ஆனா கதை பொய்தானே. பொய்யின்னா நான் தரணுமுன்னுதான பேச்சு" என்றார். "எங்க கொண்டுபோயிக் கொடுக்க?"

மாமா எல்லை தாண்டியதாக ஒரு தடவை ஆள் வழியாகச் சேதி வந்தது. அதற்குப்பிறகு இல்லை. நோட்டில் பந்தயம் எழுதிய பக்கத்தை எடுத்து, சாட்சி என்ற முறையில், கீழே எழுதினேன்: மாமாவுக்கு அப்பா தரவேண்டியது, ஐயாயிரம் கியாட்.