விமானப்படையின் மூத்த குருவானவரைப் பார்க்கப் போனேன்

ஞாயிறு, காலை எட்டரை மணி. ஹவுன்ஸ்லோவில் தங்கியிருந்த வீட்டிலிருந்து கிளம்பினேன். வீட்டுக்காரர் ஜெயந்தி யாழ்ப்பாணத்துக்காரர். ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்தவர், கோட்டைக் கழற்றாமலே வழி சொன்னார்.

“பிக்கடில்லி லைன் எடுங்கோ அக்கா. ஹோல்பனிலை இறங்கி நேர கீழ நடந்தால் சரி. தம்பி வந்து நிப்பார்தானே?”

“பிரசங்கமே அவன்தான். வராம எப்படி?”

“ஓம். எண்டாலும் அவருக்கு எப்ப எங்கயிருந்து அழைப்பு வருமெண்டு சொல்லேலாது.”

என் தம்பி சாமுவேல் பிரிட்டன் விமானப்படையில் மூத்த குருவானவர். அவன் இருக்கும் விமானத்தளம் லண்டனிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம். அந்த வாரம் தளம் தளமாகச் சுற்றிக்கொண்டிருந்ததால், என்னைத் தன் சிநேகிதியான ஜெயந்தி வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தான். நாங்கள் நேரில் பார்த்து ஆறு வருடம். மூன்று வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோதும் அவன் பாளையங்கோட்டைக்கு வரவில்லை. வேலை என்றான். அதற்குப் பிறகும் வாராவாரம் போனில் பேசினோம். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

ஒன்பது மணி. ஹவுன்ஸ்லோ ஈஸ்ட் ஸ்டேஷனுக்கு பஸ். எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பவுண்டு எழுபத்தைந்து பென்ஸ். ரயிலில் ஹீத்ரோவிலிருந்து வந்தவர்களின் பெட்டிகள் கால் வைக்க இடம் விடவில்லை. பாதி வழி வெளிச்சத்திலும் மீதி வழி மண்ணுக்கடியிலும் ஓடி, ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் ஹோல்பன் வந்தது.

ஸ்ட்ராண்ட் தெருவின் நடுவில் நிற்கிறது விமானப்படையின் தேவாலயம். தரையில் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. படைப்பிரிவுகளின் சின்னங்கள் நூற்றுக்கணக்கில், கல்லில் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். சுவரோரம் கண்ணாடிப் பேழைகளுக்குள் இறந்தவர்களின் பெயர்களை எழுதிய தடித்த புத்தகங்கள்.

வாசலில் தம்பி நின்றான். நீலச் சீருடை, தோளில் பதவிப் பட்டை, கழுத்தில் குருவானவரின் வெள்ளைப் பட்டி. தலை பாதி நரைத்திருந்தது. “வாக்கா” என்று கையைப் பிடித்தவன் சற்று நேரம் விடவில்லை. கேட்க வந்ததைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆராதனை முடிந்து தேநீர் கொடுத்தார்கள். ஆண்ட்ரூ என்ற இளம் குருவானவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“நீங்கள்தான் அக்காவா? என் அப்பாவின் கடைசி நாட்களில் நான் அவர் பக்கத்தில் இருந்தது உங்கள் தம்பியால்தான்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அப்போது இருவரும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் இருந்திருக்கிறார்கள். விபத்தில் ஒரு வீரர் இறந்து, தளமே கலங்கிப்போயிருந்த நேரம். குருவானவர்கள் இரண்டே பேர். ஒருவர் இருந்தே ஆக வேண்டும். யார் போகலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு மூத்தவரான சாமுவேலுடையது. ஆண்ட்ரூவை அனுப்பிவிட்டான்.

“அவருடைய அப்பாவும் படுக்கையில் இருந்தார் என்பது திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்” என்றார் ஆண்ட்ரூ.

பகல் ஒரு மணி. சாமுவேலும் நானும் தேம்ஸ் கரைக்கு நடந்தோம். காற்று சேலையை இழுத்தது.

“ஏன்டே எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ உன்னையத்தான் திட்டிக்கிடுவ.”

அப்போதுதான் உறைத்தது. நான் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு வாரம் தாங்குவாரு, வேலைய முடிச்சிட்டே வா” என்று போனில் சொன்னது நானேதான். நான்காம் நாள் அப்பா போய்விட்டார்.

“ஆண்ட்ரூ அப்பாவுக்கு ரெண்டே நாள்னு டாக்டர் சொல்லிட்டாரு. நம்ம அப்பாவுக்கு ரெண்டு வாரம்னு நீ சொன்ன. நான் வேற என்னக்கா செய்ய?”

“எம்மேல கோவமே வரலையா?”

“வந்துச்சு. ஒரு வருசம் இருந்துச்சு” என்றான். பிறகு, கேட்காமலே சொன்னான். “இப்ப என் வேலை போறது இல்ல, அனுப்புறது. சாவுச் சேதி சொல்ல எந்த வீட்டுக் கதவத் தட்ட யாரு போகணும்னு நான்தான் சொல்லணும். போய்ட்டு வந்தவங்க எங்கிட்ட வந்துதான் அழுவாங்க.”

“நீ யாருகிட்ட அழுவ?”

“உங்கிட்டதான். போன்ல மீன் கொழம்பு எப்படி வைக்கணும்னு கேப்பேம்லா, அதுதான்.”

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிக்க முடியவில்லை.

வெள்ளி, காலை பத்தரை மணி. அவன் தளத்தில் நான்கு நாள் இருந்துவிட்டு ஹீத்ரோவுக்கு வந்தோம். கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் மாடி. இஞ்சினை அணைத்தவன் இறங்கவில்லை.

“அக்கா, எத்தனையோ பேர அடக்கம் பண்ணிட்டேன். அப்பாவுக்கு ஒரு ஜெபம் நான் சொல்லல. இப்ப சொல்லட்டுமா?”

முக்காட்டைப் போட்டுக்கொண்டேன். அவன் தமிழில் தொடங்கினான். இத்தனை காலம் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிய வாய். நடு நடுவே வார்த்தை வராமல் நின்றது. நின்ற இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பாவின் பெயர் வரும் இடத்திலும் நின்றான். அதை மட்டும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் பெட்டிகளை இறக்கி முடித்துப் போகும்வரை காத்திருந்தேன். அவனே சொன்னான்.

ஆமென் சொல்ல அங்கே நான் ஒருத்திதான். சொன்னேன்.

விமானம் மேலேறியபோது கீழே மேற்கு லண்டனின் கூரைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அவன் வடக்கே ஓட்டிக்கொண்டிருப்பான். சென்னைக்குப் பத்து மணி நேரம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடு என்று தம்பியிடம் கேட்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். கேட்கவே இல்லை.