முதலாளி மகனோடு பார்த்த ஊமைப்படம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்றுக்கொண்டிருந்தேன். முதலாளியின் மகனும் நானும் ஒருவரையொருவர் விரும்பினோம். அவர் படித்த கல்லூரியில் பழைய ஊமைப்படம் ஒன்றைத் திரையிட்டபோது என்னையும் கூட்டிப்போனார். பணக்காரப் பையன் கடையில் வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளும் வேடிக்கைக் கதை. அரங்கமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

"எதுக்கு அழுகுற? அப்பாட்ட நான் பேசுறேன்" என்றார்.

பேசத்தான் செய்தார். முதலாளி சம்மதிக்கவில்லை. தை மாதம் மகனுக்கு வேறிடத்தில் நிச்சயமானது. முகூர்த்தப் பட்டு எடுக்க இரு வீட்டாரும் வந்தபோது, விரித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். மணப்பெண் அரக்குச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு நல்லாருக்காக்கா?" என்று கேட்டாள்.

"அம்புட்டு அழகா இருக்கு, தாயி" என்றேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை.