இருபத்தெட்டு நாள் தொடக்கூடாத பணம்

மாதாவுக்கு நான் கொடுத்த ஆயிரம் ரூபாயால் என் மகளின் படிப்பு கெட்டுப்போக இருந்தது. சாட்சியை இப்படியா ஆரம்பிப்பது என்று எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஆண்டவர் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் என் அசட்டுத்தனத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த உதவி யார் கையால் வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

நான் லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். என் வீட்டுக்காரர் மில் தொழிலாளியாக இருந்தவர். மில்லை மூடியதிலிருந்து ஒரு ஓட்டலில் வாட்ச்மேன். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. போன வருடம் தவக்காலத்தில் அவளுக்கு இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு பேங்க்கில் கடன் கிடைத்துவிட்டது. அதோடு எல்லாம் முடிந்தது என்று நானும் பள்ளிக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, விசாவுக்கு அது போதாதாம். அங்கே தங்கவும் சாப்பிடவும் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அவள் பேரிலோ எங்கள் பேரிலோ உள்ள கணக்கில், கேட்கிற தொகை முழுசாக, தொடர்ந்து இருபத்தெட்டு நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து. காட்டுகிற பணம் என்று ஊரே இதற்குப் பேர் வைத்திருக்கிறது. உள்ளவர்களுக்கு இது ஒரு காகிதம். எங்களைப் போன்றவர்களுக்கு அது பதினோரு லட்சத்துச் சொச்சம்.

நகையை அடகு வைத்தோம். மில் கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம் டெபாசிட்டில் இருந்தது, அதை உடைத்தோம். என் பி.எஃப்பில் கடன் எடுத்தேன். ஏழு லட்சத்துச் சொச்சம் தேறியது. மீதி நாலு லட்சம் என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், கொடுத்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மாதம் பிறந்தால் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும். எங்கள் அன்பியத்தில் செபமாலை சொல்ல ஆரம்பிப்பதும் முடிப்பதும் அவர்தான். முப்பதாம் நாள் பணம் திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு மாத வட்டியை முதலிலேயே கழித்துக்கொண்டார். அந்த வட்டித் தொகையைச் சரிக்கட்ட நான் இரண்டு பேரிடம் கைமாற்று வாங்கினேன். ஆனாலும் அன்றைக்கு அவர் எனக்குத் தெய்வம் மாதிரிதான் தெரிந்தார். பொய் சொல்லவில்லை.

கடைசியில் எல்லாம் என் கணக்கில் சேர்ந்தபோது தேவைக்கு மேல் அறுநூறு ரூபாய் இருந்தது. ஜெனி என் ஏ.டி.எம். கார்டை எடுத்து என் கையிலேயே வைத்து, "அம்மா, இருபத்தெட்டு நாள் இத்தத் தொடக்கூடாது" என்று சொன்னாள். சரி என்றேன்.

எங்கள் அம்மா வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பெரிய பணம் எது கைக்கு வந்தாலும் அதிலிருந்து முதலில் எடுப்பது கோவிலுக்குப் போக வேண்டும். வேறு பணத்திலிருந்து கொடுத்தால் செல்லாது. அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். போனஸ் வந்தாலும் அப்படித்தான், சீட்டு எடுத்தாலும் அப்படித்தான். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் மனசு கேட்கவில்லை. தொடக்கூடாது என்று மகள் சொன்னது எங்கள் செலவுக்குத்தானே, மாதாவுக்கு எடுப்பது எப்படித் தொட்டதாகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ.டி.எம்மில் ஆயிரம் ரூபாய் எடுத்து, நன்றிப் பூசைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பேரை வாசித்தார்கள். முன்வரிசையில் இருந்த மூத்தார் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஈஸ்டர் முடிந்தது. இருபத்தொன்பதாம் நாள் ஜெனி பேங்க்கில் கணக்கு விவரம் வாங்கிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"அம்மா, நடுவுல ஆயிரம் ரூபா யாரு எடுத்தது?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். தேவைக்கு நானூறு ரூபாய் குறைந்துவிட்டது. அறுநூறு உபரியில் ஆயிரம் எடுத்தால் என்ன ஆகும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஆயிரத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி இருபத்தெட்டு நாள் எண்ண வேண்டும். காலேஜுக்குக் கணக்கு விவரம் அனுப்ப ஜூன் முதல் வாரம் வரைக்கும்தான் நேரம். நாள் இருந்தது. பணம்தான் மறுநாள் மூத்தாரிடம் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

நானும் வீட்டுக்காரரும் அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொல்லி, இன்னும் ஒரு மாதம் பணம் அப்படியே இருக்கட்டும், வட்டியும் தருகிறோம் என்றேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இல்ல ஸ்டெல்லா. எழுதினது எழுதினதுதான். ஆண்டவருக்குச் சித்தமா இருந்தா ஒரே தடவையில நடந்திருக்குமே. ஏன் தடை வருது? யோசிச்சுப் பாரு."

"மாமா, தடை நான் பண்ணினது. ஆண்டவர் பண்ணல."

"செபம் பண்ணு. நானும் பண்றேன்."

பண்ணியிருப்பார். பணத்தை மறுநாள் காலை பத்து மணிக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாரம் அன்பியத்தில் ஜெனியின் படிப்புக்காக எல்லோரும் செபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் செபித்தார்கள். அங்கே இருந்தவர்களில் மூன்று பேருக்காவது வெளிநாட்டுப் பென்ஷன் வருகிறது. செபமாலை முடிந்ததும் சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். நானே தட்டுகளை அள்ளிக் கழுவினேன்.

ஜெனி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுகிறாயா என்றால் தலையாட்டுவாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலாம் நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கோவிலுக்குப் போனேன். மண்டி போடவில்லை. செபமாலையும் எடுக்கவில்லை. மாதா சுரூபத்துக்கு எதிரில் நின்று சண்டை பிடித்தேன். "ஒனக்குன்னுதான் எடுத்தேன். ஒன்னாலதான் போச்சு. அந்த ஆயிரத்த எனக்குத் திருப்பிக் குடு. எப்பிடிக் குடுப்பியோ, யாரு கையால குடுப்பியோ எனக்குத் தெரியாது." கோவிலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் அழுதேன். வெகு நேரம் அழுதேன். அழுது ஓய்ந்தபோது என் தங்கை பிலோவின் முகம் மனசில் வந்து நின்றது. நான் கூப்பிடவில்லை. அவள் முகம்தான் வந்தது, போகவும் இல்லை.

பிலோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் கனகசெட்டிக்குளத்தில் ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டாள். காலையில் பஸ் பிடித்து வந்து பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பாள். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஜெனி கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, மார்க்கெட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள், ஒரு கூடை இறாலோடு. கூடத்தில் மூத்தாரின் பிரான்ஸ் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவளை வாசலிலேயே மறித்து, "பின்பக்கமா போயி கை கால் கழுவு, அங்கியே ஒக்காரு, சாப்பாடு அனுப்பறேன்" என்றேன். அவள் பின்பக்கம் போனாள். கூடையை அங்கே வைத்துவிட்டு அப்படியே போய்விட்டாள். அந்த இறாலை அன்றைக்கு விருந்தாளிகளுக்கு வறுத்துப் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று மூத்தார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதிலிருந்து எனக்கும் பிலோவுக்கும் பேச்சு இல்லை.

அவளிடம் பணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விசைப்படகில் ஒரு பங்கு வாங்க அவளும் அவள் வீட்டுக்காரரும் வருடக்கணக்காகச் சேர்த்திருந்தார்கள். அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஜூன் நடுவில் தடை முடிந்து படகு கடலுக்குப் போகும்போதுதான் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் வழியாகக் காதில் விழுந்திருந்தது. யார் கையால் என்றாலும் சரி என்று மாதாவிடம் சொன்னவள், மறுநாளே போய், இவள் கையால் மட்டும் வேண்டாம் என்று திருத்திச் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். மூன்று நாள் போனது. என் பிடிவாதத்துக்கு மகளின் மூன்று நாளைச் செலவழித்தேன்.

நாலாம் நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். தடைக்காலம் என்பதால் ஐஸ் மீன்தான். பிலோ குனிந்து ஒரு மீனின் செதிலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா வேணும்?" வருகிற போகிறவர்களிடம் கேட்கிற அதே குரல்.

"பிலோ, நான் மீன் வாங்க வரல."

"மீன் விக்கிற எடத்துல வேற இன்னா வாங்குவ?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு பேர் மீன் வாங்க வந்தார்கள். அவர்களுக்குப் பேரம் பேசி, வெட்டி, கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். நான் காத்திருந்தேன். காக்க வைக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

"எவ்ளோ?"

"நாலு லட்சம்."

"எத்தினி நாளு?"

"இருபத்தெட்டு நாளு. மேல ஒரு ரெண்டு நாளு வெச்சிக்க."

"தடை முடியற வரிக்கும் அது சும்மாதான் கெடக்குது. அவர்கிட்ட சொல்லிக்கிறேன்." கத்தியைத் துடைத்து வைத்தாள். "பணம் ஒனக்கு இல்ல. பொண்ணுக்கு."

நான் தலையாட்டினேன். அவள் கேட்டாள்.

"கொண்டாந்து குடுக்கணும்னா எந்தப் பக்கமா வரணும்? முன்பக்கமாவா, பின்பக்கமாவா?"

பதிமூன்று வருடம் வைத்திருந்த கேள்வி. நான் அவள் முன்னால் மீன் தண்ணீர் ஓடுகிற அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தப்புதான் பிலோ என்றேன். அவள் என்னைத் தூக்கிவிடவில்லை. "பேங்க் நம்பர எழுதிக் குடு. நான் வரல" என்றாள்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் நாலு லட்சம் என் கணக்கில் ஏறியது. நான் எடுத்த ஆயிரத்தையும் திரும்பப் போட்டேன். வட்டி கேட்கவில்லை. எழுதி வாங்கவில்லை. அந்த இருபத்தெட்டு நாளும் கார்டு ஜெனியிடம் இருந்தது. நான் ஒரு மெழுகுவத்திகூட வாங்கிக் கொளுத்தவில்லை. மாதா கோபித்துக்கொள்ளவில்லை. மே மாதக் கடைசியில் நாள் கணக்கு முழுசானது, காகிதம் போனது, ஜூலையில் விசா வந்தது. ஜெனி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆண்டவருக்கு நன்றி. இதை மனசாரச் சொல்கிறேன். சண்டைக்காரியின் செபத்தையும் அவர் தள்ளிவிடவில்லை.

பணத்தை முப்பதாம் நாளே பிலோவின் கணக்கில் போட்டேன். நன்றியாக ஒரு ஆயிரம் சேர்த்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஜெனி சித்தியைப் பார்க்க மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பி வந்து என் கையில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வைத்தாள். மீன் ஈரம் காயாத தாள்கள். "கணக்குல கூட வந்துடுச்சாம். சித்தி திருப்பிக் குடுத்துச்சு" என்றாள். கோவிலில் நின்று நான் திருப்பிக் கேட்டது அந்த ஆயிரத்தைத்தான். கேட்டது அப்படியே வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு நான் அழுததைப் போல் எதற்கும் அழுததில்லை.

ஜெனி கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டில் செபம் வைத்தோம். கூடத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிலோவுக்கென்று போட்டு, யாரும் உட்கார வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் வந்தாள். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஜெனியைக் கூப்பிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். உள்ளே வா என்று நான் கையைப் பிடித்தேன். "நாத்தம் அடிக்கும், வேணாம்" என்று கையை உருவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் உள்ளே வந்தபோது அந்த நாற்காலியில் மூத்தார் உட்கார்ந்திருந்தார். நம்முடைய செபம் வீண் போகவில்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நீங்களும் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவர் தாங்குவார். ஆனால் யாரிடம் போகச் சொல்கிறார் என்று தெரிந்தபின் என்னைப்போல் மூன்று நாளை வீணாக்காதீர்கள். போகிற இடத்தில் மன்னிப்பும் சேர்ந்து கிடைக்கும் என்று எதிர்பார்த்தும் போகாதீர்கள். எனக்குக் கேட்டது கிடைத்தது. அந்த மட்டுக்கும் நான் சாட்சி.

இப்போது சனிக்கிழமைதோறும் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறேன். மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறேன். என் முறை வரும்போது பிலோ நிமிர்ந்து, "இன்னா வேணும்?" என்கிறாள். ஒரு தடவை அக்கா என்று கூப்பிடு, அதுதான் வேண்டும் என்று நாக்கு நுனி வரை வருகிறது. அரை கிலோ சங்கரா என்று சொல்கிறேன். அவள் சரியாக நிறுத்து, சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையைத் தருகிறாள்.