லேத்து அக்கா போட்ட உத்தரவு

ஆற்றோரத் தெருவில் லேத்து அக்காவை மிஞ்ச ஆளில்லை. வேலையிலும் சரி, வாயிலும் சரி. வீட்டுக்காரர் இறந்த மறு மாதமே அவருடைய லேத்து மெஷின் முன்னால் போய் நின்றவர். இருபது வருஷமாகப் படகு மோட்டாருக்குத் தண்டு கடைந்து கொடுத்தே இரண்டு மகள்களைப் படிக்க வைத்தார். எதிரே என் ஜெராக்ஸ் கடை. எனக்கு நாற்பத்தாறு வயதானாலும் அவருக்கு நான் தம்பிதான்.

எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நகராட்சி ஆள் தலை தெரிந்தால் பதினொரு பட்டறைக்கும் போன் பறக்கும். ஷட்டர் இறங்கும், விளக்கு அணையும், போனையும் அணைத்துவிடுவார்கள். சத்தம், புகை என்று எதையாவது கிளறுவார்கள் என்ற பயம். பழக்கிவிட்டவர் அக்காதான். "யார் தட்டினாலும் திறக்காதீங்க. தெரிஞ்ச குரலா இருந்தாலும் திறக்காதீங்க. நம்ம ஆளை வச்சே கூப்பிடுவானுங்க" என்பது அவர் உத்தரவு.

அன்று காலையும் தெரு கப்சிப். வேலையில்லாமல் மேஜையில் கிடந்த தாளை எடுத்தேன். இரண்டு வாரத்துக்கு முன் நகராட்சிக்காக நானே இருநூறு பிரதி எடுத்த அறிவிப்பு. படித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. பட்டறைக்காரர்களோ நகராட்சித் தாளில் எண்ணெய் துடைப்பார்கள். பழைய கடைவீதியையும் ஆற்றங்கரையையும் புதுப்பிக்கிறார்களாம். இனி இங்கே கடை, விடுதி, உணவகம் மட்டும்தான். கணக்கெடுப்பு நாளில் வேலை நடப்பதாகப் பதிவாகும் பட்டறை மட்டும் தொடரலாம். மறு கணக்கெடுப்பு கிடையாது. தேதியைப் பார்த்தேன். இன்று!

வெளியே ஓடினேன். முனையிலிருக்கும் அக்காவின் பட்டறை முன்பு நகராட்சி அதிகாரியம்மா பலகையும் பேனாவுமாக நின்றிருந்தார்.

"உள்ளே ஆள் இருக்காங்க மேடம்!"

"இருக்கட்டும். வேலை நடக்கிறதைப் பார்த்தாத்தான் எழுத முடியும்."

ஷட்டரைத் தட்டினேன். "அக்கா, நான்தான்! திறங்க!" கதறினேன். ஷட்டர் இறங்கியபடியே இருந்தது. பேனா தாளைத் தொட்டது. வேறு வழி தெரியாமல் கத்தினேன்: "போன வாரம் நீங்க கடைஞ்ச தண்டு கோணலாம்! படகுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்!"

ஷட்டர் சடாரென்று மேலே போனது. "எவன்டா சொன்னது? கூட்டிட்டு வா அவனை!"

தாளை நீட்டி, நாலே வார்த்தையில் சொன்னேன். அக்கா உள்ளே பாய்ந்து சுவிட்சைத் தட்டினார். லேத்து உறுமியது, இரும்புச் சீவல் சுருண்டு விழுந்தது. அதிகாரியம்மா 'இயங்குகிறது' என்று எழுதி, அடுத்த ஷட்டருக்கு நகர்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்காவுக்கு வரவில்லை. மீதிப் பத்துப் பேர் ஞாபகம் வந்ததும் எண்ணெய்க் கையோடு ஓடினார். "நான்தான்டா, அக்கா! திறங்க! திறந்தாத்தான் பிழைப்பு!" ஒவ்வொரு ஷட்டராக அறைந்தார். நானும் கூடவே அறைந்தேன். ஒன்றும் அசையவில்லை. அதிகாரியம்மா அவசரப்படவுமில்லை, நிற்கவுமில்லை.

கடைசிப் பட்டறைக்கு வருவதற்குள் அக்காவின் தொண்டை கட்டிவிட்டது. "கும்பிட்டுக் கேக்கறேன்டா" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார். உள்ளே யாரோ கிசுகிசுத்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"பாவம், அக்காவையே பிடிச்சிட்டானுங்க. சத்தம் போடாதே."

அதிகாரியம்மா 'மூடியுள்ளது' என்று எழுதிப் பேனாவை மூடினார்.