இரண்டு விசில்

இருபத்திரண்டு வருஷம் அவர் பஸ் ஓட்டினார், நான் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் நிற்பார், இரண்டு கொடுத்தால் கிளம்புவார். என்னோடு பேசியதைவிட அவரோடு விசிலில் பேசியதுதான் அதிகம் என்று என் வீட்டுக்காரி குத்திக்காட்டுவாள். பொய் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் எனக்கு எரிச்சல் ஏறினால் விசிலின் இழுப்பிலேயே கண்டுபிடித்து, கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிஷம் ஓய்வு. ஒரு டீயை இரண்டாக ஊற்றிக்கொண்டு ஊர்க்கதை அளப்போம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

பிறகு பயணிகளே டிக்கெட் எடுத்துக்கொள்ளும் மெஷின் வந்தது, கண்டக்டர் தேவையில்லாமல் போனது. என்னைத் தூக்கி, டிப்போவில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்குக் காவல் வைத்தார்கள்.

மூன்றாம் மாதம் ஒரு நிறுத்தத்தில் கதவு மூடியும் அவருடைய வண்டி கிளம்பவில்லை. கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, ஏழு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு விசிலுக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். அடுத்த வாரமும் அப்படியே நின்றார். இன்னொரு தரம் நின்றால் ஸ்டியரிங்கை வாங்கிவிடுவோம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான்.

கவுன்சலிங்குக்குப் போகிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மாகிட்ட போய்ப் புலம்பணுமாண்ணே?"

"தெரியாதவங்கதானே. அதான் சொல்ல முடியுது."

ஒரு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறாமை, வேறென்ன.

படபடப்பு வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல், மூச்சை மெதுவாக விடச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. பிறகு கண்ணாடி, கதவு, ரோடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில் தனக்குத் தானே "போலாம்" சொல்ல வேண்டும். டிப்போவில் காலி வண்டியில் வாரக்கணக்காகப் பழகினார். அதன் பிறகுதான் பயணிகளை ஏற்ற விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அவர் வண்டியில் ஏறினேன். அதே நிறுத்தம். கதவு மூடியது. வண்டி அசையவில்லை. அவருடைய பின்கழுத்து நனைவதைப் பார்த்தேன். என் பையில் விசில் இருந்தது, கை தானாக அங்கே போனது. ஊதினால் காலத்துக்கும் அவரால் தனியாக ஓட்ட முடியாது. கையை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"கண்ணாடி. கதவு. ரோடு." கொஞ்சம் இடைவெளி. "போலாம்."

வண்டி நகர்ந்தது. சந்தோஷம்தான். ஆனால் அழுகையும் வந்தது.

கடைசி நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ ஏறுனப்பவே பாத்துட்டேன். எங்க ஊதிடுவியோன்னு பயந்துட்டேன்."

"எனக்கு இனிமே என்னண்ணே வேலை? அந்தக் குடை ரூம்ல நாள் பூரா ஒரு ஆள் பேச்சுக் குரல் கிடையாது. ரொம்பத் தனியா இருக்குண்ணே."



"அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை நேரம் இருக்கான்னு கேக்குறேன்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.